உயிர் காத்த வீரம்



வீரம் என்றவுடன் வாளும் வேலுமே நம் நினைவிற்கு வருகின்றன. இன்று யாம் கூறப்புகுவதோ, கொல்லுதற்கன்றிக் காத்தற்கே போர்க்களம் புகுந்த ஒருவர் வரலாறாம்.

அவர் பெயர் நோயல் ஷவாஸ். 1884-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில் இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தார். தந்தையார் லிவர்ப்பூல் நகரத்துப் பிஷப். இரட்டையர் இருவரும் 1908-ல் லண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியவர்கள். நோயல் மருத்துவம் கற்றுத் தேர்ந்து, 1914-ல் மூண்ட உலகப்போரில் 'லிவர்ப்பூல் ஸ்காட்டிஷ்' என்னும் படைப்பகுதிக்கு மருத்துவராய்ச் சென்றார்.

பிரான்சு நாட்டில் கில்மோன் என்னும் சிற்றூர்ப் பக்கம் 1916 ஆகஸ்டு 9-ஆம் நாள் கடும்போர் நிகழ்ந்தது. பகல் முழுதும் குண்டுமாரிக்கிடையே காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்த ஷவாஸ், இரவு வந்தும் ஓய்ந்தாரல்லர். பகைவர் அகழிகளுக்கு எதிரேயே நான்கு மணி நேரம் திரிந்து, விழுந்து கிடந்தோரைத் தேடினார். மறுநாள் ஒருவனை 500 கஜதூரம் சுமந்து வருங்கால் குண்டின் சிதறல் ஒன்று அவர் விலாவிற் பாய்ந்தது. மார்பிலும் முகத்திலும் ஏற்ற புண்ணையே விழுப்புண் என்பர் நம் நூலோர். பிறனைச் சுமக்குங்கால் விலாவில் ஏற்ற இதனையும் விழுப்புண் என்றே கொள்ள யாம் துணிகின்றோம்.

அன்றிரவே, தாமே முன்வந்த இருபதின்மருடன் மீண்டுஞ் சென்றார். பகைவர் அகழிக்கு 25 கஜ தூரத்திற் கிடந்த மூவரை மீட்டார். அதனோடு அமையாது, இறந்தோர் உடல்களில் இருந்த பெயர் பொறித்த வில்லைகள் பலவற்றைத் திரட்டிக் கொணர்ந்தார். உயிரற்ற உடலிலுள்ள வில்லைக்காக உயிரைப் பணயம் வைப்பதா எனச் சிலர் வினவலாம். மகன் இருக்கின்றானா இறந்தானா என்று அறியாது வாயிலை நோக்கியிருக்கும் தாயரை வினவின், அவ்வில்லையின் விலை விளங்கும்.

இச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை அளிக்கப்பட்டது. 1856-ல் ஏற்படுத்தப்பட்ட அவ்விருது வெண்கலத்தால் ஆயது. அதனை இருமுறை பெற்றோர் இதுகாறும் மூவரே. அம்மூவருள் இருவர் மருத்துவர் என்பது கருதத்தக்கது.

1917 ஜூலைத் தொடக்கத்தில் அவருடைய இளைய தம்பி எய்டன் பெல்ஜியத்தில் போர்முனையிற் காணாமற்போயினார். அத்துயரோடே ஷவாஸ் அம்மாத இறுதியில் ஈப்பர் நகர்ப்புறத்துப் போரிற் புகுந்தார். முதல் நாளே தலையிற் காயமுற்றும் நிலையம்விட்டு நீங்க மறுத்து, இரண்டு நாள் உணவும் பெரிதுமின்றித் தொண்டாற்றினார். பின்னர் அவரிருந்த பதுங்கிடத்திலேயே குண்டு விழுந்தது, வயிற்றிற் பெருங்காயம். ஆகஸ்டு 4-ஆம் நாள் தமது 32-ஆம் வயதில் உயிர்நீத்தார். அதன் பின்னரே இரண்டாம் விருது வந்தது.

பிராண்டுஹூக் என்னுமிடத்தில் அவருக்குக் கல் நட்டு, இரு சிலுவை விருதுகளையும் அதிற் பொறித்துள்ளனர். எய்டனின் உடலோ அகப்படவேயில்லை. ஈப்பர் நகரத்து மெனின் வாயிலில், கல்லறையற்ற பல்லாயிரவர் பெயர்களினிடையே அவர் பெயரும் வெட்டப்பட்டுள்ளது.