ஒரே சம்பளம், ஒரே நிலையா?



"நமக்கெல்லாம் ஒரே நாட்சம்பளந்தானே, இதிலே ஏழை பணக்காரன் எங்கே?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு காம்பிராவில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். சாப்பிடுவது நாலு பேர். பக்கத்துக் காம்பிராவில் ஒரு அம்மா மட்டும் கொழுந்தெடுக்கிறார்; ஐந்து பேர் சாப்பிடணும். ஆளுக்கு விழும் பங்கு பாதிகூட இல்லை. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. முதலில் கடைக்கடன், பிறகு அடகு, கடைசியில் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

2016ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நூற்றுக்கு 4.1 பேர் வறுமையில் இருந்தார்கள், தோட்டப்புறத்தில் 8.8 பேர். 2022இல் மா விலை ஏறியபோது ஒற்றைச் சம்பள வீடுகள் பட்ட பாட்டை நீங்களே கண்டீர்கள்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிக்கு இப்படிப்பட்ட வீட்டார் விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கிராம சேவகரிடம் கூட்டிப்போங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பின்னுரித்தாளி பெயரைப் பதிந்து வையுங்கள். உழைக்கிறவர் இல்லாமற் போனாலும் அந்தக் காசு பிள்ளைகள் கைக்கு அலைச்சலில்லாமல் வரணும்.

சம்பளம் ஒன்றாக இருக்கலாம், கஷ்டம் ஒன்றல்ல. பக்கத்துக் காம்பிராவையும் பாருங்கள்.