வலி மட்டும் போதாதா?

மாதவிடாய் வலி என்று பிள்ளை சுருண்டு படுத்தால் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் உங்களுக்கும் தெரிந்ததுதான்: "கல்யாணம் ஆனா சரியாயிடும்." கல்யாணமும் ஆகிறது, வலி போகவில்லை. "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்கிறார்கள். குழந்தை தங்காமல் சில வருஷம் போன பிறகுதான் கருத்தரிப்பு மையத்தில் ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் சாக்லேட் கட்டி என்று சொல்கிறார்கள். அந்தக் கட்டிக்குக் காரணமான எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் பேரைப் பல பெண்கள் முதன்முதலாகக் கேட்பதே அங்கேதான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து வலித்தது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பிள்ளை இல்லை என்றதும் குடும்பமே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. என்னைக் கேட்டால், முதலில் மாற வேண்டியது இதுதான்.

கருப்பையின் உட்புறத்தில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் படலம் இருக்கிறதல்லவா, அதைப் போன்ற திசு சினைப்பையில், கருக்குழாயில், குடல்மேல், சிறுநீர்ப்பைமேல் வளர்வதுதான் இந்த நோய். அந்த இடங்களில் அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் சிலருக்கு மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தின்போது வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சுமார் 19 கோடிப் பேர்.

ஸ்கேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் பார்க்கிறார்கள். கட்டி இருந்தால் தெரியலாம். மேலோட்டமாகப் படர்ந்த திட்டுகள் எந்த ஸ்கேனிலும் எளிதில் அகப்படாது. ஆனால் "ரிப்போர்ட் நார்மல்" என்றதும் வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிடுகிறோம்! வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் உறுதி என்றிருந்த நிலையும் மாறிவிட்டது. அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்கிறது 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்.

அந்த மருந்து பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. "கருத்தடை மாத்திரையா, வயசுப் பிள்ளைக்கா?" என்று பதறும் தாய்மார்கள் உண்டு. பதற வேண்டாம். இங்கே அது வலியை அடக்கக் கொடுப்பது. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. கருப்பையை எடுத்தாலும் சிலருக்கு வலி மிச்சமிருக்கிறது. ஆகவே அதற்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரில் சுகாதார அமைச்சரே இந்த நோயுள்ள பெண்களிடம், அவர்கள் வலியைக் கண்டுகொள்ளாததற்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே தேசியச் செயல்திட்டம் வந்தது. 2025 ஜூலை முதல், 45 நிமிடமோ அதற்கு மேலோ மகளிர் நோய் நிபுணரிடம் விவரமாகப் பேசுவதற்கு அரசுக் காப்பீடு தனியாகப் பணம் தருகிறது.

நம் ஓ.பி. வரிசையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. கிடைக்கிற ஐந்து நிமிடத்துக்குத் தயாராகப் போகலாம். இரண்டு மூன்று மாதம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எந்தத் தேதியில் வலி வந்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை, மலம் கழிக்கும்போது வலித்ததா. தாம்பத்திய வலியைச் சொல்ல நா எழவில்லையென்றால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதி டாக்டரிடம் நீட்டிவிடுங்கள்.