பட்டியலை யார் எழுதுகிறார்கள்?



நான் ஆரணியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன். குழித்தறிக்குள் மழைநீர் இறங்கினால் அன்றோடு கூலி நின்றுவிடும். அப்போது வாசலுக்கு வரவேண்டியவர்கள் செஞ்சிலுவைத் தன்னார்வலர்களாகிய நீங்கள்.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் குடியரசுத் தலைவரே தலைவர். மாநிலக் கிளைக்கு ஆளுநர், மாவட்டக் கிளைக்கு ஆட்சியர். 1965இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட ஏழு கொள்கைகளில் ஒன்று பாகுபாடின்மை: யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கே முதலில் உதவி.

ஆனால் நிவாரணப் பட்டியல் டெல்லியில் எழுதப்படுவதில்லை, தெருவில் எழுதப்படுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் பல இடங்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியே போனது. தலித் குடும்பங்கள் விடுபட்டன. படகும் வலையும் இல்லாத கூலிகளின் இழப்பு கணக்கிலேயே வரவில்லை.

நம் ஊரில் தறி வைத்திருப்பவர் பட்டியலில் வந்துவிடுவார். அவரிடம் கூலிக்கு நூல் இழைக்கும் பெண் வருவாரா?

ஆகவே உறுப்பினராகுங்கள். கிளையின் நிர்வாகக் குழுவில் சேரிப் பெண்களுக்கு இடம் கேளுங்கள். மழைக்கு முன்பே வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். எடுத்ததைத் தெருவில் ஒட்டுங்கள். விடுபட்டவர் வந்து கேள்வி கேட்கட்டும்.

ஜெய்பீம்.