எந்தக் காலேஜ்? எந்தச் சரித்திரம்?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்ற கவலையோடு வந்திருக்கிறீர்கள். "பி.ஏ. வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி.

பி.ஏ. வரலாற்றோடு பி.எட். முடித்துத் தகுதித் தேர்விலும் தேறினால் சமூக அறிவியல் ஆசிரியராகலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போகலாம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதலாம். ஆகவே இது சோற்றுக்கு உதவாத படிப்பு அல்ல. ஆனால் சேருமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பீங்கானைப் பளபளப்பு பார்த்தா வாங்குகிறோம்? தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்கிறோம். காலேஜையும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பாடத்திட்டம். இணைப்புக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகமே பாடத்திட்டம் வகுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி தானே வகுத்துக்கொள்கிறது. அதை வாங்கிப் படியுங்கள். ராஜாக்களின் யுத்தங்கள் மட்டும்தானா? நிலம், வரி, கூலி, கல்வெட்டு, தொல்லியல் உண்டா?

இரண்டாவது, ஆசிரியர். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? தொகுப்பூதியத்தில் வதைபடும் கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? நூல் நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

மூன்றாவது, பயிற்று மொழி. 2010-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக சர்க்கார் வேலையில் 20 சதவிகிதம் முன்னுரிமை உண்டு. பட்டம் மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். எனவே அந்த வகுப்பு தமிழ்வழியா என்று முன்னதாகவே கேளுங்கள்.

நான்காவது, செலவு. கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். பஸ், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இங்கே கொளஞ்சியப்பர் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது; கடலூரில் பெரியார் அரசுக் கலைக் கல்லூரி; சிதம்பரத்தில் 1929-ல் தோன்றி, 2013-ல் சர்க்கார் பொறுப்பேற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மூன்றுக்கும் நேரில் போய், அங்கே படிக்கும் மாணவர்களை விசாரியுங்கள். அஞ்சல் வழிப் படிப்பு என்றால், சேரும் ஆண்டில் அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பிள்ளைகளே! சரித்திரம் யாருக்குச் சொந்தம்? நம் ஊர்க் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக்கினார் என்பது பலருக்கும் தெரியும். அதே கோயிலில் 1429-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. விஜயநகர ஆட்சியில் அதிகாரிகளும் நிலக் காணியாளரும் வரியால் வாட்டியபோது, வலங்கை, இடங்கை என்று பிரிந்து கிடந்த மக்கள் ஒன்றுகூடித் தீர்மானம் செய்தார்கள். அவர்களுக்குப் புகலிடம் தரமாட்டோம், அவர்களுக்காகக் கணக்கு எழுதமாட்டோம் என்றார்கள். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் இத்தகைய கல்வெட்டுகளை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள்.

நினைத்துப் பாருங்கள். "கணக்கு எழுதமாட்டோம்" என்பதே ஓர் ஆயுதமாக இருந்தது! எழுத்தறிந்தவன் யார் பக்கம் நிற்கிறான் என்பது அன்றும் பிரச்சினை, இன்றும் பிரச்சினை. ஆறு நூற்றாண்டாக நம் ஊரில் நிற்கும் அந்தக் கல்லை நம் வீட்டுப் பிள்ளை படிக்கத் தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே தனித்தனியாக அலையாதீர்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போங்கள். நான் சொன்ன நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சர்க்கார் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். கடைசி நாள் வரை காத்திராதீர்கள். காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பு என்று குரல் எழுப்புவதும் நம் வேலைதான்.

சூளையில் வெந்த கையும் நாற்று நட்ட கையும் பிடித்து வளர்த்த பிள்ளைகள் நம் சரித்திரத்தைப் படிக்கட்டும். நாளை அதை எழுதவும் செய்யட்டும்!