பெயர் பொறித்தவை



கருத்தரங்கின் பொருளை வரையறுத்துக் கொடுத்துவிட்டு, கட்டுரையாளர்களுக்கு வழிவிட்டு உட்காருவது தலைமை உரையின் மரபு. வரையறை எனக்குக் கைவராது. ஒரு சமையலறை இழுப்பறையைத் திறந்து காட்டுகிறேன்.

யூட்டா மாநிலம், ப்ரோவோ நகரம். வீட்டுக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை, அதாவது மார்மன் சபையை, விட்டு விலகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காபி போட்டுக் கொடுத்தார். 1833இல், சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவு விதியின் பேரில் காபி, தேநீர், மது, புகையிலை நான்கும் அங்கே விலக்கு. அந்த ஊரில் ஒருவர் காபி நீட்டுகிறார் என்றால், தான் யார் என்பதையும் சேர்த்தே நீட்டுகிறார். கரண்டி எடுக்க அவர் திறந்த இழுப்பறையில் ஸ்க்ரூடிரைவர், தீர்ந்துபோன பேட்டரிகள், ரப்பர் வளையங்கள். நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் ஜப்பானிய வெள்ளை எழுத்து.

இளம் வயதில் ஜப்பானில் ஊழியம் செய்த இரண்டு ஆண்டும் சட்டைப்பையின் மேல் குத்தியிருந்த பெயர்ப்பட்டை அது. பெயர்ப்பட்டை என்கிறோமே தவிர, அதில் அவரை அம்மா கூப்பிட்ட பெயர் இல்லை. சபையின் பெயர் தவிர, ‘எல்டர்’ என்ற பட்டமும் குடும்பப் பெயரும் மட்டுமே. எல்டர் என்றால் மூத்தவர். பத்தொன்பது வயதில் மூத்தவர். எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைதான் முடிவு செய்யும். அந்நாளில் வீட்டுக்கு ஆண்டில் இரண்டே தடவை தொலைபேசலாம்: கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்திலும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது 2019இல்தான்.

“இதைத் தூக்கிப் போடவில்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் பதில் சொல்லவில்லை. பட்டையைத் திருப்பி, வளைந்திருந்த பின்பக்க ஊசியை நகத்தால் நிமிர்த்தினார். அதைப் பழையபடி பேட்டரிகளுக்கு நடுவே வைத்து இழுப்பறையைச் சாத்தினார்.

இப்படிப்பட்ட பொருளைக் கண்டதும் ஆய்வாளர் முதலில் கேட்பது, உள்ளே நம்பிக்கை மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான். விட்டகுறை தொட்டகுறை என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுவோம். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. விலகியவர் எதை எறிகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தன் பெயர் ஏறிய பொருளை அவர் விடுவதில்லை.

எட்டு வயதில் ஞானஸ்நானம் பெற்று உறுப்பினர் ஆனவர், பின்னாளில் விலக நினைத்தால் சபைக்கு எழுதிக் கேட்க வேண்டியது பெயர் நீக்கம். பதிவேட்டில் பெயர் போய்விடும். பட்டையிலும் புத்தக அட்டையிலும் அப்படியே இருக்கும். பைபிள், மார்மன் நூல், இன்னும் இரண்டு மறைநூல்கள் என நான்கையும் ஒன்றாகக் கட்டிய தடித்த தோலட்டைப் புத்தகம் சபையாரில் பலரிடம் உண்டு. அட்டையில் உரியவர் பெயரைப் பொன்னெழுத்தில் அச்சிட்டுப் பரிசாகக் கொடுப்பார்கள். உள்ளே வருடக்கணக்கில் சிவப்புப் பென்சிலால் போட்ட அடிக்கோடுகள். ஓர் ஆளின் பதின்பருவம் முழுவதும் அந்த ஓரங்களில் கிடக்கிறது. அதை எப்படி எடைக்குப் போடுவது?

இதற்கு நேர்மாறானது ஆலயச் சடங்குக்குப் பிறகு அணியும் உள்ளுடை. அதில் பெயர் கிடையாது. புனிதக் குறிகள் உண்டு. பழசானால் குறிகளை வெட்டி எடுத்து அழித்துவிட்டு, மீதித் துணியை அடையாளம் தெரியாதபடி நறுக்கிப் போட வேண்டும் என்பது விதி. விலகிய பிறகும் கத்தரிக்கோலை எடுத்து இந்த விதிப்படியே செய்தவர்கள் உண்டு. நம்பிக்கை போன பின்பும் கைக்கு விதி மறக்கவில்லை. இந்தக் கருத்தரங்கை ஒட்டிப் பக்கத்து அறையில் வைத்திருக்கும் காட்சியில் உள்ளுடையை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். 2014இல் சபையே அதைக் காணொளியில் காட்டி விளக்கியது உண்மைதான். இருந்தாலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது தீனியாகிவிடும்.

ஆசிமொழித்தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதின்பருவத்தில், பெரும்பாலும் பெற்றோர் அருகிருக்க, ‘பேட்ரியார்க்’ எனப்படும் பெரியவர் தலைமேல் கைவைத்து, முழுப்பெயர் சொல்லி அழைத்து ஆசி மொழிவார். இஸ்ரவேலின் எந்தக் கோத்திரத்தில் சேர்ந்தவர் என்பதும் அதில் வரும், பெரும்பாலோருக்கு எப்பிராயீம். சொன்னது எழுத்தாகி ஒரு படி சபையின் காப்பகத்துக்கும் ஒரு படி உரியவருக்கும் போகும். ஜாதகம் மாதிரி என்று நமக்குத் தோன்றும். ஜாதகம் கிரகங்களைப் பார்த்துப் பேசுகிறது. இது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறது. விசுவாசமாக இருந்தால் இன்னின்னது வாய்க்கும் என்ற நிபந்தனையும் கூடவே வரும். விலகியவர் நாற்பது வயதில் அந்தத் தாளைப் பிரித்தால், தன் பெயர் கொண்ட இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் படிக்கிறார். அதைக் கிழிக்க அவருக்கு உரிமை இருக்கிறதா? எனக்கு இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை.

விலகியவர் கையில் தங்கிய பொருள்களிலேயே பெரியது ஒரு கையெழுத்துப் படி. மார்மன் நூல் 1830இல் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில் அச்சானது. ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதிய மூலப்படி ஒன்று, அச்சகத்துக்காக ஸ்மித்தின் எழுத்தர் ஆலிவர் கௌட்ரி முதலானோர் பார்த்தெழுதிய படி இன்னொன்று. மூலப்படியை ஸ்மித் 1841இல் இல்லினாய் மாநிலத்து நாவூவில் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்தார். ஈரம் புகுந்து, இன்று கால்பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். அச்சகப்படி கௌட்ரியிடம் இருந்து, 1850இல் அவர் சாகும் தறுவாயில் மைத்துனர் டேவிட் விட்மரிடம் வந்தது. நூல் தெய்வீகமானது என்று சாட்சி சொன்ன மூவரில் ஒருவரான விட்மர் 1838லேயே சபையிலிருந்து விலக்கப்பட்டவர், திரும்பவே இல்லை. மிசூரி மாநிலத்து ரிச்மண்டில் குதிரை லாயம் நடத்தினார், அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். 1878இல் சபைத் தலைவர்கள் இருவர் யூட்டாவிலிருந்து வந்து படியைக் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டார். 1888இல் இறக்கும்வரை வைத்திருந்தார். பேரன் 1903இல் அதை வேறொரு கிளைச் சபைக்கு விற்றார். 2017இல் யூட்டா சபை அதை வாங்கக் கொடுத்தது 3.5 கோடி டாலர். தீர்க்கதரிசி மூலைக்கல்லில் வைத்தது அழுகிற்று, விலக்கப்பட்டவர் வீட்டில் வைத்தது பிழைத்தது.

விட்மர் அந்த நூலை நம்பாதவர் அல்லர்; சபையைத்தான் விட்டார், தன் சாட்சியத்தைக் கடைசிவரை மறுக்கவில்லை. நாத்திகரோடு சேர்த்து அவரை எண்ண முடியாது. சபையும் அவர் பெயரை எறியவில்லை. இன்றைக்கும் அச்சாகும் ஒவ்வொரு மார்மன் நூலின் முகப்பிலும் மூன்று சாட்சிகளில் ஒருவராக டேவிட் விட்மர் இருக்கிறார். விலகியவருடைய பொருளைச் சபையும் சேமிக்கிறது.

‘மார்மன்’ என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. “நான் ஒரு மார்மன்” என்று விளம்பரம் செய்த அதே சபை, 2018இல் ரஸல் நெல்சன் தலைமையில், அந்தப் பட்டப்பெயர் வேண்டாம், முழுப்பெயரையே சொல்லுங்கள் என்றது. புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரிலிருந்தும் அந்தச் சொல் போயிற்று. விலகியவர்களோ இன்னமும் ‘எக்ஸ்-மார்மன்’ என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். சபை கழற்றி வைத்த சொல் இப்போது அவர்கள் வீட்டில்தான் புழங்குகிறது.

என் கூற்றை மடக்கக்கூடிய பொருள்களும் உண்டு. நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். சபை சொன்னபடி பஞ்ச காலத்துக்கென்று நிலவறையில் அடுக்கி வைத்த கோதுமை டப்பாக்களில் யார் பெயரும் இல்லை. அவற்றையும் பலர் விடுவதில்லை. ஒருவேளை, சாப்பாட்டை எறியக் கூடாது என்பதற்கு மதம் தேவையில்லையோ என்னவோ.

இரண்டாவது, எழுத்தாளர் டெர்ரி டெம்பஸ்ட் வில்லியம்ஸுக்குத் தாய் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள். மார்மன் பெண்கள் நாட்குறிப்பு எழுதுவது கடமை போன்றது. நான் போன பிறகு பார் என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் 1987இல் இறந்தார். அலமாரியில் மூன்று தட்டுகள் நிறைய, துணி அட்டை போட்ட குறிப்பேடுகள். மகள் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாமே வெற்றுத் தாள்கள். கட்டுப்பாடான மார்மன் வாழ்விலிருந்து தூரம் வந்துவிட்ட மகள் அந்த வெறுமையிலிருந்து 2012இல் ஒரு புத்தகமே எழுதினார். பெயரில்லை, எழுத்தே இல்லை. ஆனாலும் அந்த ஏடுகளை வைத்திருக்காமல் இருக்க முடியுமா? இதற்கு என்னிடம் விடை இல்லை. நாளைப் பிற்பகல் அமர்வில் யாராவது என்னைத் திருத்தலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பக்கத்து அறையில் உள்ள பொருள்கள் எல்லாம் இரவல். பெயர்ப்பட்டையைக் கொடுத்தவர் தன் பெயர் தெரிந்தால் பரவாயில்லை என்றார். சிறுவயதில் சபையின் சிறுவர் வகுப்பில் தந்த, பச்சைக் கேடயம் பதித்த மோதிரத்தைக் கொடுத்தவர், பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றார். மூன்றாவது ஒரு தோலட்டைப் புத்தகம். அட்டையில் பொன்னெழுத்து இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறோம். கொடுத்தவரின் தாய் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறவர். மகள் விலகியது அவருக்கு இன்னும் தெரியாது. தாளைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.