சைக்கிளும் மெயின் ரோடும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் துறையிலே இருக்கீங்க, பசங்களுக்கு உபயோகமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர். சாதித்ததைவிடச் சறுக்கியதைச் சொன்னால்தான் உபயோகம் என்று தோன்றியது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்ற வேண்டும். 'அப்டேட்' கட்டளையை அடித்தேன். யாருடைய முகவரி என்று குறிக்கும் 'வேர்' பகுதியை மறந்துவிட்டு என்டரைத் தட்டினேன். அவ்வளவுதான், 11,000 வாடிக்கையாளர்களும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டார்கள்! நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்றைக்கு எனக்கு வியர்த்துக் கொட்டியது.

முந்தின இரவு எடுத்த பேக்கப் காப்பாற்றியது. ஆனால் அன்று பகலில் பதிவானதெல்லாம் போயிற்று. இரண்டு பேர் பில் புத்தகத்தைப் பார்த்து நள்ளிரவு வரை மறுபடியும் அடித்தார்கள். திட்டுவார் என்று நான் பயந்த மேலதிகாரி, "தம்பி, பழகிப் பார்க்க உனக்குன்னு ஒரு இடம் குடுக்காம நேரா இதுல உட்கார வச்சது எங்க தப்பு" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

சைக்கிள் பழகுகிறவன் மெயின் ரோட்டிலா பழகுவான்? மைதானத்தில்தானே! டேட்டாபேஸுக்கும் அப்படி ஒரு மைதானம் வேண்டும். அது உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.

போஸ்ட்கிரெஸ் இலவசமாகவே கிடைக்கிறது. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வின் வாரிசு அது. நிஜ சர்வரில் எந்தப் பதிப்போ, அதே பதிப்பைப் போடுங்கள். டாக்கர் வழியாகப் போட்டால் சுலபம். ஆனால் தரவுக்குப் பெயரிட்ட வால்யூம் ஒன்றை ஒதுக்குங்கள். இல்லையென்றால் கன்டெய்னரை மாற்றும்போது பழைய தரவைத் தேடி அலைய நேரும்.

அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகளை வரிசை எண் போட்ட கோப்புகளாக எழுதி, கிட்டில் வையுங்கள். கடவுச்சொல் மட்டும் அதற்குள் போகக்கூடாது. பிறகு துணிந்து டேட்டாபேஸை அழியுங்கள். அந்தக் கோப்புகளை மட்டும் வைத்துத் திரும்ப எழுப்ப முடிந்தால், உங்கள் மைதானம் தயார்.

நிஜ வாடிக்கையாளர் விவரத்தை லேப்டாப்புக்குக் கொண்டுவராதீர்கள். கற்பனைப் பதிவுகளே போதும். ஆனால் தமிழில் எழுதிய பெயர், இனிஷியல் இல்லாத பெயர், முகவரியே இல்லாத ஆள் என்று கோணல்மாணலாகவும் சில இருக்கட்டும். கோளாறு அங்கேதான் வெளிப்படும்.

எதையும் மாற்றுமுன் அதே 'வேர்' பகுதியை வைத்து 'செலக்ட்' போட்டு, எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். 'பிகின்' போட்டுத் தொடங்கினால், தப்பு நேர்ந்தாலும் 'ரோல்பேக்' கைகொடுக்கும். 'கமிட்' அடித்த பிறகு அந்த வழி கிடையாது.

புதியவர்களுக்குத்தான் இது நேரும் என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. பேக்கப் ஏற்பாடுகள் பலவும் சரியாக இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஆகவே பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகையையும் உங்கள் மைதானத்திலேயே நடத்துங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எல்லாப் பிள்ளைகளிடமும் லேப்டாப் இருக்காது. ஆய்வகத்தில் ஒரு சர்வர் போதும். அதிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு தனி டேட்டாபேஸ் ஒதுக்கிவிடலாம். நாம் சேர்ந்து செய்வோம். பிள்ளைகள் உடைக்கட்டும், உடைத்ததைத் தாங்களே சரி செய்யட்டும். வேலைக்குப் போகிற இடத்தில் அவர்களுக்காக யாரும் நள்ளிரவு வரை உட்கார வேண்டாம்.