பொது மடைக்குப் பொது ஆள்

(நாகப்பட்டினம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கப்பலில் நான்கு மணி நேரம். கடல்வழிப் பயணிகள் போக்குவரத்துக்கு இந்திய அரசும் இலங்கை அரசும் உடன்படிக்கை போட்டது 2011 ஜனவரியில். அந்த ஆண்டே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஒரு கப்பல் ஓடியது. ஆண்டு முடிவதற்குள் நின்றும் போனது. நாகையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது 2023 அக்டோபர் 14 அன்று. சில நாட்களிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். நான்கு மணி நேரப் பயணத்துக்குப் போட்ட கையெழுத்து, இந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பலாக வந்து நிற்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் பாட்டனார் காலத்தில் இந்த நிலை இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து சென்னை எழும்பூரில் ஒரே ஒரு சீட்டு வாங்கினால் போதும். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, அடுத்த ரயிலில் கொழும்பு போய்விடலாம். போட் மெயில் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். "அது வெள்ளைக்காரன் காலம், இரண்டு பக்கமும் ஒரே எஜமானன், அதனால் நடந்தது" என்று விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கிறேன். 1948க்குப் பிறகு இரண்டும் விடுதலை பெற்ற நாடுகள். இரண்டுக்கும் தனிக் கொடி, தனி நாடாளுமன்றம். அதற்குப் பிறகும் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தப் பயணம் நடந்தது. புயலுக்குப் பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். எண்பதுகளில் போர் மூண்டபோதுதான் அது நின்றது. ஆகவே இறையாண்மை குறுக்கே நிற்கிறது என்ற வாதம் இங்கே எடுபடாது.

அப்படியானால் எது குறுக்கே நிற்கிறது?

தெற்காசியாவைப் பாருங்கள். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் கூடி சார்க் அமைப்பைத் தொடங்கின. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. ஒப்பந்தங்களுக்குக் குறைவே இல்லை. தடையற்ற வணிகத்துக்கு 2004இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது, 2006இல் நடைமுறைக்கும் வந்தது. பலன் என்ன? தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்து விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

பசிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. பேரிடர் வந்தால் ஒருவருக்கொருவர் கொடுத்துதவ 1988இல் உணவு தானியச் சேமிப்பு ஒன்றை உருவாக்கினார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதற்குப் பிறகு 1991இல் வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான உயிர்களைக் கொண்டுபோன புயல் வந்தது. வெள்ளங்கள் வந்தன. அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு மூட்டைகூட எல்லை தாண்டவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, தோழர்களே. அந்தத் தானியம் அவரவர் நாட்டின் கிடங்கிலேயே இருந்தது. தேவைப்படும் நாடு, கொடுக்கும் நாட்டோடு தனியாகப் பேசி விலையையும் நிபந்தனையையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். தண்ணீரில் மிதக்கும் நாடு முதலில் விலை பேச வேண்டும்! பெயர் பொதுச் சேமிப்பு. பொதுவாக அதில் இருந்தது காகிதம் மட்டும்தான்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் வட்டாரத்தில் ஒப்பந்தம் போடுகிறார்கள், ஆனால் எதையும் பொதுவில் வைப்பதில்லை. கையெழுத்திடுகிற ஒவ்வொரு நாடும் மறுக்கும் உரிமையைத் தன் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் கையெழுத்திடுகிறது.

உடனே ஒரு குரல் எழும்: "எல்லாவற்றையும் கெடுப்பது பாகிஸ்தான்." 2014 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டில் வாகனப் போக்குவரத்து, ரயில், மின்சாரம் என்று மூன்று ஒப்பந்தங்கள் மேசைக்கு வந்தன. எங்கள் உள்நாட்டு நடைமுறை முடியவில்லை என்றது பாகிஸ்தான். மின்சாரம் ஒன்றில் மட்டும் கையெழுத்தானது. உண்மை. அதுவே கடைசி உச்சி மாநாடு. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது காஷ்மீரில் நடந்த உரி தாக்குதலுக்குப் பிறகு நின்றது. அதுவும் உண்மை. ஆனால் சார்க் சாசனத்தின் ஏழாவது பிரிவைப் படித்தவர்கள் எத்தனை பேர்? எல்லா நாடுகளும் சேர வேண்டியதில்லை, இரண்டுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்தலாம் என்று அது வழி திறந்து வைத்திருக்கிறது. பாகிஸ்தான் இல்லாமலே செய்தும் பார்த்தார்கள். 2015 ஜூனில் திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் வாகன ஒப்பந்தம் செய்தன. அங்கே பாகிஸ்தான் இல்லை. அதுவும் சிக்கிக்கொண்டது. பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை 2016இல் அதை ஏற்கவில்லை. எட்டு லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை, மலைச்சாலைகள், அந்தச் சாலைகளில் பெரிய நாடுகளின் லாரிகள் வரிசையாக ஏறி வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம். அந்த அச்சத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்குகிறவன் பெரிய நாட்டுத் திமிரில் பேசுகிறான்.

சிறிய நாடுகளின் அச்சத்தை நாம் மதித்தே ஆக வேண்டும். இலங்கையோடு விரிவான பொருளாதார ஒப்பந்தம் 2008இல் கையெழுத்துக்கு அருகில் வந்து கைவிடப்பட்டது. வேறு பெயரில் 2016இல் மீண்டும் பேச்சு தொடங்கியது. அங்குள்ள மருத்துவர்களும் கணினித் தொழில் செய்வோரும் எதிர்த்து நின்றார்கள். நம்மைவிட அறுபது மடங்குக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நாடு கதவைத் தட்டினால் நாமும் தாழ்ப்பாளைச் சரிபார்ப்போம். அந்த அச்சம் போக வேண்டுமானால் முதலில் பெரியவன் தன் வாக்கைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும்.

காப்பாற்றினோமா? 1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் எல்லை ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு நாட்டின் நிலம் இன்னொரு நாட்டுக்குள் தீவு தீவாகச் சிதறிக் கிடந்தது. மொத்தம் 162 துண்டுகள். வங்கதேசம் அதே ஆண்டு அதை ஏற்று முடித்தது. இந்திய நாடாளுமன்றம் ஏற்றது எப்போது? 2015இல், நூறாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம். நாற்பத்தோரு ஆண்டுகள்! அதுவரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எந்த நாட்டின் பள்ளிக்கூடமும் எந்த நாட்டின் வாக்குரிமையும் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் மின்கம்பி போயும் வீட்டில் விளக்கு இல்லாமல் கிடந்தார்கள். அந்தத் துண்டு நிலத்தில் 1974இல் பிறந்த குழந்தைக்கு நாடு கிடைத்தபோது தலையில் நரை கண்டிருந்தது. இதைச் செய்தது எந்த எதிரி? நம்முடைய கட்சிகள், நம்முடைய நாடாளுமன்றம்.

செயற்கைக்கோள் கதையும் கேளுங்கள். 2014இல் ஸ்ரீஹரிகோட்டாவில் சார்க் நாடுகளுக்கென்று ஒரு செயற்கைக்கோள் என அறிவித்தார் பிரதமர். கூட்டாக உருவாக்க வேண்டும் என்றது பாகிஸ்தான். இது எங்கள் அன்பளிப்பு என்றது இந்தியா. பாகிஸ்தான் விலகியது. 2017 மே 5 அன்று அது தெற்காசியச் செயற்கைக்கோள் என்ற பெயரில் ஏறியது. பாகிஸ்தானின் உள்நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும். நான் கேட்பது வேறு. அன்பளிப்பைக் கொடுத்தவன் நாளைக்குக் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? அண்டை நாடுகள் நம்மிடம் எதிர்பார்ப்பது பரிசுப் பொருளை அல்ல. முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலியை.

தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டத்து விவசாயிகள் இங்கே இருப்பீர்கள். ஏரிப் பாசனத்தில் மடையைத் திறப்பவர் யார்? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவர். பெரிய பண்ணைக்காரன் கையில் மடையைக் கொடுத்தால் கடைமடை காய்ந்துபோகும் என்று ஊருக்குத் தெரியும். அவரைச் சேரியில் ஒதுக்கி வைத்த கொடுமையை நான் மறைக்கவில்லை, அது நம் ஊர்களின் பாவம். ஆனால் பொது மடைக்குப் பொது ஆள் வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்த அறிவு டெல்லிக்கும் கொழும்புக்கும் டாக்காவுக்கும் இன்னும் வரவில்லை.

மின்சாரத்தில் கொஞ்சம் வந்திருக்கிறது. நேபாளத்தின் ஆற்று மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசம் போக 2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த மாதமே மின்சாரம் பாய்ந்தது. 40 மெகாவாட்தான், ஆண்டில் ஐந்து மாதம்தான். ஆனாலும் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். 2016இல் இந்தியா போட்ட விதிகள் அண்டை நாடுகளின் மின்சாரத்துக்குக் கதவைக் குறுக்கின. நேபாளமும் பூட்டானும் முறையிட்டன. 2018இல் இந்தியா அந்த விதிகளை மாற்றியது. பெரிய நாடு இறங்கி வந்தது, வழி திறந்தது.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். இங்கே கைதட்டல் குறையும் என்று தெரிந்தே பேசுகிறேன்.

இக்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது இந்திய ஆணை, அக்கரைக் கடலில் செல்லாது. அக்கரையில், கடலடியை வாரும் இழுவைமடிக்கு 2017 முதல் சட்டத் தடை. அது இலங்கைச் சட்டம், இக்கரைக் கடலில் செல்லாது. பாக் நீரிணை ஒன்று, அதில் வளரும் மீன் ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு. நடுவில் நம் பிள்ளைகள் சிறைக்குப் போகிறார்கள், நம் விசைப்படகுகள் அக்கரையில் மக்கிக் கிடக்கின்றன, கடலில் உயிர்களும் போயிருக்கின்றன. அதே கடலில் யாழ்ப்பாணத்து மீனவன், மன்னார் மீனவன், போரில் எல்லாம் இழந்து கடன் வாங்கிப் போட்ட வலையை நம் இழுவைமடி அறுத்துக்கொண்டு போகிறது. அவனும் தமிழன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவன் சிங்களவனாக இருந்தாலும் அது அநீதிதான்.

2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மீண்டும் சென்னையிலும் இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சை ஒப்பந்தமாக்கும் அதிகாரம் அந்த அறையில் இருந்த யாருக்கும் கிடையாது. 2016இல் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். அதிகாரிகள் கூடுகிறார்கள், கலைகிறார்கள்.

கச்சத்தீவு யாருக்கு என்பது தீராமல் மீன் பிரச்சினை தீராது என்று முழங்குபவர்களுக்கு ஒரு செய்தி. வடதுருவத்தை ஒட்டிய பேரண்ட்ஸ் கடலில் நார்வேக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் எல்லைத் தகராறு. நார்வே நேட்டோ நாடு. பனிப்போரின் நடுவில், 1975இல், இரண்டும் மீன்வளத்துக்குக் கூட்டு ஆணையம் அமைக்க ஒப்பந்தம் செய்தன. எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். காட் மீனில் இருவருக்கும் சரிபாதி என்பதே அடிப்படை. எல்லைத் தகராறு தீர்ந்தது எப்போது தெரியுமா? 2010இல். கோடு எங்கே என்று தெரியாமலேயே முப்பத்தைந்து ஆண்டுகள் மீனைச் சேர்ந்து காத்தார்கள். அணுகுண்டை நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு முகாம்களுக்கு முடிந்தது, நான்கு மணி நேரத்தில் கடக்கும் கடலின் இரு கரைகளுக்கு ஏன் முடியாது?

அண்டை நாட்டோடு ஒப்பந்தம் என்பது டெல்லி வேலை, மாநிலத்துக்கு என்ன என்று கேட்பார்கள். 2011இல் வங்கதேசத்தோடு தீஸ்தா நதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் மேற்கு வங்க அரசு மறுத்தது. அது அப்படியே நின்றுவிட்டது. மாநிலம் மறுத்து ஒன்றை நிறுத்த முடியும் என்றால், மாநிலம் முன்வந்து ஒன்றைத் தொடங்கவும் முடியும். கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1996 டிசம்பரில் முப்பது ஆண்டுகளுக்குப் போடப்பட்டது. 2026 டிசம்பரோடு அந்தக் காலம் முடிகிறது. கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் அந்தக் கேள்வி. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பாக் நீரிணை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். பாக் நீரிணைக்கு இரு நாட்டுக் கூட்டு மீன்வள ஆணையம் வேண்டும். இரண்டு நாட்டுக்கும் சம இடம், தலைமை ஆண்டுக்காண்டு மாறி மாறி. நாகை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுர மீனவர்களும் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மீனவர்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும் இலங்கையின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் சேர்ந்து மீன்வளத்தைக் கணக்கெடுக்க வேண்டும். தடைக்காலம் இரு கரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆணையத்தின் முடிவு இரு அரசுகளையும் கட்டுப்படுத்த வேண்டும். இந்தியா பெரிய நாடு என்பதால், நம் பக்கத்து இழுவைமடிப் படகுகளை மாற்றுத்தொழிலோடு விலக்கிக்கொள்ளும் கெடு தேதியை முதலில் இந்தியா அறிவிக்க வேண்டும். படகு உரிமையாளர்களுக்கும் அதில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் முழு இழப்பீட்டை ஒன்றிய அரசே தர வேண்டும்.

இழுவைமடிப் படகு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு மறுப்பு இருந்தால் மேடைக்கு வாருங்கள், ஒலிபெருக்கியைத் தருகிறேன், பேசுங்கள். பேசி முடித்த பிறகு வாக்கெடுப்பு. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.